ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ்: நெட்வொர்க் செட்டிங்கில் அந்த நான்கு கட்டங்கள் எதற்கு?

"நெட் வரலை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஐந்தாறு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. கேபிள் கழன்றிருக்கலாம். வைஃபை பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருக்கலாம். ரவுட்டர் வரைக்கும் எல்லாம் சரியாக இருந்து, அதற்கு அப்பால் லைன் செத்திருக்கலாம். லைனும் நன்றாக இருந்து, தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண்ணைச் சொல்ல வேண்டிய சர்வர் மட்டும் பதில் சொல்லாமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் நாம் ஒரே வாக்கியத்தைச் சொல்வதால் கிடைக்கும் யோசனைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன: ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 போடு, ஸ்டாட்டிக் ஐபி வை, வேகம் கூடும். முதல் யோசனை பல நேரம் வேலை செய்யும், ஏன் வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஒரு குறிப்பிட்ட கோளாறுக்கு மட்டுமே மருந்து. மூன்றாவதுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

விண்டோஸ், லினக்ஸ், மேக் எதை எடுத்தாலும் நெட்வொர்க் செட்டிங்கில் கையால் நிரப்ப வேண்டிய முக்கியமான கட்டங்கள் நான்குதான்: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். ஒவ்வொன்றும் கம்ப்யூட்டர் கேட்கிற ஒரு கேள்விக்கான பதில். நான் யார்? யாரெல்லாம் என் பக்கத்தில் இருக்கிறார்கள்? வெளியே போக யாரிடம் கொடுக்க வேண்டும்? பெயர் தெரியும், எண் தெரியாது, யாரைக் கேட்பது? இந்த நான்கும் புரிந்துவிட்டால் எந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் மெனு எங்கே இருக்கிறது என்று தேடுவது மட்டும்தான் மிச்ச வேலை.

## வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு

வைஃபை என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கும் வீட்டில் இருக்கிற ரவுட்டருக்கும் நடுவே உள்ள கம்பியில்லா இணைப்பு, அவ்வளவுதான். அதே வேலையைக் கேபிள் வழியாகச் செய்வது ஈதர்நெட். இரண்டுமே ரவுட்டரோடு முடிந்துவிடும். ரவுட்டரிலிருந்து வெளியே போகிற ஃபைபர்தான் (பழைய வீடுகளில் டெலிபோன் லைன்) இன்டர்நெட்டுக்கு வழி. தெருமுனையில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்துவிட்டால்கூட உங்கள் வைஃபை சின்னத்தில் எல்லாக் கோடுகளும் அப்படியே இருக்கும், ஏனென்றால் உங்களுக்கும் ரவுட்டருக்கும் இடையில் ஒன்றும் கெடவில்லை. அந்தக் கோடுகள் சொல்வது ரேடியோ சிக்னலின் பலத்தை மட்டும். "சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் இல்லை" என்பதில் புதிர் ஒன்றும் இல்லை.

## ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு

நூறு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. இரண்டு வீட்டுக்கு ஒரே எண் இருந்தால் கூரியர் கொண்டுவருபவர் குழம்பிப்போவார். அதே வளாகத்தில் இருக்கிற வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுக்க வேண்டுமென்றால் நீங்களே நேரே போய்க் கதவைத் தட்டிக் கொடுத்துவிடலாம். வெளியூருக்கு ஒரு பார்சல் போக வேண்டுமென்றால் மெயின் கேட்டில் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் அது எந்த வண்டியில் எந்த வழியாகப் போகிறது என்பது உங்கள் வேலை இல்லை. புதிதாகக் குடிவருகிறவருக்கு எந்த எண் காலி என்று பார்த்து ஒதுக்குவது அசோசியேஷன் ஆபீஸ். பெயரைச் சொன்னால் வீட்டு எண்ணைச் சொல்ல செக்யூரிட்டியிடம் ஒரு நோட்டு இருக்கும்.

கதவு எண்தான் ஐபி முகவரி. ஒருவர் நம் வளாகத்து ஆளா, வெளியாளா என்று பிரிக்கும் விதி சப்நெட் மாஸ்க். மெயின் கேட்தான் கேட்வே. பெயருக்கு எண் சொல்லும் நோட்டு, டிஎன்எஸ். எண் ஒதுக்கும் ஆபீஸுக்கு டிஎச்சிபி என்று பெயர், அதற்குப் பின்னால் வருகிறேன்.

உவமை இங்கே போதும். நிஜத்தில் கம்ப்யூட்டர் இந்த எண்களை வைத்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. பாக்கெட் என்றால் நெட்வொர்க்கில் போகும் தகவலின் சிறு துண்டு. நீங்கள் ஒரு போட்டோ அனுப்பினால் அது நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான பாக்கெட்டுகளாகப் பிரிந்து போய் அந்தப் பக்கம் மறுபடி ஒன்று சேரும்.

## செட்டிங் கம்ப்யூட்டருக்கு இல்லை, அடாப்டருக்கு

இதைத் தெரியாமல் நிறையப் பேர் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். "என் கம்ப்யூட்டரோட ஐபி என்ன?" என்று கேட்பது வழக்கம், ஆனால் ஐபி முகவரி கம்ப்யூட்டருக்கு உரியது இல்லை, அதில் உள்ள ஒவ்வொரு நெட்வொர்க் அடாப்டருக்கும் தனித்தனியாக உரியது. அடாப்டர் என்பது நெட்வொர்க்கோடு பேசுகிற ஹார்டுவேர்: கேபிள் செருகும் போர்ட் ஒன்று, வைஃபை சிப் ஒன்று. ஒரு சாதாரண லேப்டாப்பில் இந்த இரண்டும் இருக்கும். விபிஎன் (நெட்டுக்குள் தனிப் பாதை போடுவது) அல்லது விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவது) மென்பொருள் போட்டிருந்தால், ஹார்டுவேரே இல்லாமல் மென்பொருளால் உருவான அடாப்டர்களும் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே ஈதர்நெட்டுக்குக் கையால் முகவரி போட்டுவிட்டு, வைஃபையில் உலாவிக்கொண்டு, "மாத்தினேன், ஒண்ணும் ஆகலையே" என்றால் ஆகாதுதான். கேபிளும் வைஃபையும் இரண்டும் இணைந்திருந்தால் விண்டோஸ் ஒவ்வொரு வழிக்கும் மெட்ரிக் என்ற ஒரு எண்ணைத் தானே கொடுத்து, எண் குறைவான வழியைத் தேர்ந்தெடுக்கும். வழக்கமாக வேகமான இணைப்புக்குக் குறைந்த எண் கிடைக்கும்.

ஒவ்வொரு அடாப்டருக்கும் மேக் முகவரி என்று இன்னொன்று உண்டு, ஆப்பிள் மேக்குக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இது 48 பிட் (பிட் என்றால் 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்) நீளமுள்ள ஹார்டுவேர் எண், பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாகத் தெரியும். அதன் முதல் பாதி, தயாரித்த நிறுவனத்துக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கித் தருவது. ஐபி முகவரி நீங்கள் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். மேக் முகவரி பொதுவாக மாறாது. பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அது கீழே வரும்.

லினக்ஸில் இந்த அடாப்டர்களின் பெயரைப் பார்த்தே பயப்படுகிறவர்கள் உண்டு. முன்பு ஈத்0, ஈத்1 என்று எளிமையாக இருந்தன. சிக்கல் என்னவென்றால் இரண்டு கார்டு உள்ள கம்ப்யூட்டரில், பூட் ஆகும்போது எந்தக் கார்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு ஈத்0 என்ற பெயர் போய்விடும். நேற்று ஈத்0-ஆக இருந்தது இன்று ஈத்1 ஆகிவிட்டால், போட்டு வைத்த செட்டிங் எல்லாம் தப்பான கார்டில் உட்கார்ந்துவிடும். லினக்ஸைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான சிஸ்டம்டியின் 2013-இல் வந்த 197ஆம் பதிப்பு, கார்டு போர்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டு பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்தது. இப்போது தெரிகிற 'இஎன்பி3எஸ்0' போன்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவைதான். 'இஎன்' என்று தொடங்கினால் கேபிள், 'டபிள்யூஎல்' என்று தொடங்கினால் வைஃபை. அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இதுவரை பார்த்ததில் முக்கியமானது இது: எந்த அடாப்டர் வழியாக நெட் போகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அந்த அடாப்டரின் செட்டிங்கில் மட்டும் கை வைக்க வேண்டும்.

## முதல் கட்டம்: ஐபி முகவரி

இப்போது அதிகம் புழங்கும் ஐபி, நான்காம் பதிப்பு. 1981-இல் எழுதப்பட்ட விதி. அதில் முகவரி 32 பிட் நீளம், அதை நான்கு எண்களாக, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும்படி புள்ளி வைத்து எழுதுகிறோம்: 192.168.1.20. மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகத்துக்கு அது போதவில்லை, அதனால் 1996-இல் சில எண் வரிசைகளை உள்ளே மட்டும் பயன்படுத்த ஒதுக்கி வைத்தார்கள். 10 என்று தொடங்கும் எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168 என்று தொடங்கும் எல்லாம்.

எனவே உங்கள் வீட்டு லேப்டாப்பின் 192.168.1.20 இதே நேரத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளிலும் இருக்கும், அதனால் மோதல் எதுவும் வராது. அந்த எண் உங்கள் ரவுட்டருக்கு வெளியே போவதே இல்லை. பாக்கெட் வெளியே போகும்போது ரவுட்டர் அனுப்புநர் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்பி, பதில் வந்ததும் யார் கேட்டது என்று தன் பட்டியலில் பார்த்து உரியவரிடம் கொடுக்கிறது. இதற்கு நேட் என்று பெயர். "என் ஐபி என்ன" என்று தேடினால் ஒரு எண்ணும், செட்டிங்கில் பார்த்தால் வேறொரு எண்ணும் வருவது இதனால்தான். இரண்டும் சரியான எண்கள்தான்.

## இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள்: மாஸ்க்கும் கேட்வேயும்

இந்த இரண்டையும் பிரித்துப் படிப்பதால்தான் புரிவதில்லை என்பது என் எண்ணம். இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பாதிகள்.

உங்கள் முகவரி 192.168.1.20, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 என்று வைத்துக்கொள்வோம். மாஸ்க் சொல்வது: முகவரியின் முதல் மூன்று எண்களும் யாருக்கெல்லாம் அப்படியே பொருந்துகிறதோ அவர்கள் எல்லாம் நம் நெட்வொர்க். 255 இருக்கிற இடத்தில் எண் பொருந்த வேண்டும், 0 இருக்கிற இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். சில இடங்களில் 255.255.255.0 என்று கேட்காமல் வெறும் 24 என்று கேட்கும், இரண்டும் ஒன்றுதான். ஒரு 255 என்றால் எட்டு பிட்டுகள், மூன்று 255 என்றால் 24 பிட்டுகள் பொருந்த வேண்டும்.

இப்போது உங்கள் கம்ப்யூட்டர் 192.168.1.50-இல் உள்ள பிரிண்டருக்கு ஒரு பாக்கெட் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒப்பிடுகிறது: முதல் மூன்று எண்கள் பொருந்துகின்றன, ஆகவே உள்ளூர். உடனே நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு கேள்வி போகிறது: 192.168.1.50 யார், உன் மேக் முகவரி என்ன? பிரிண்டர் மட்டும் பதில் சொல்கிறது, பாக்கெட் நேரே அந்த மேக் முகவரிக்குப் போகிறது. இந்தக் கேள்வி-பதிலுக்கு ஆர்ப் என்று பெயர். இதில் ஐபி விதிகளின்படி கேட்வேக்கு எந்த வேலையும் இல்லை. வெளி லைன் செத்துக்கிடந்தாலும் பிரிண்ட் எடுக்க முடிவது இப்படித்தான்.

அடுத்து 8.8.8.8-க்கு ஒரு பாக்கெட். ஒப்பிட்டால் பொருந்தவில்லை. அப்படியானால் கம்ப்யூட்டர் 8.8.8.8 எங்கே இருக்கிறது என்று தேடுவதே இல்லை. கேட்வேயின் மேக் முகவரியைக் கேட்டு வாங்கி, பாக்கெட்டை அங்கே தள்ளிவிடுகிறது. பாக்கெட்டுக்குள் சேருமிடம் 8.8.8.8 என்றே இருக்கும், கையில் கொடுப்பது மட்டும் ரவுட்டரிடம். அங்கிருந்து அடுத்த ரவுட்டர், அடுத்தது என்று ஒவ்வொன்றும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு போகும்: இது என் பக்கத்திலா, இல்லை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டுமா?

மாஸ்க் தப்பானால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். மாஸ்க்கை 255.255.0.0 என்று போட்டுவிட்டீர்கள், ஆபீஸின் இன்னொரு பிரிவில், வேறு நெட்வொர்க்கில் 192.168.5.10 என்று ஒரு சர்வர் இருக்கிறது. கம்ப்யூட்டர் முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்து உள்ளூர் என்று நம்பிவிடும், கேட்வேயிடம் கொடுக்காமல் "192.168.5.10 யார்?" என்று உள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அதே நேரம் இன்டர்நெட் நன்றாக வேலை செய்யும். நெட் வருகிறது, அந்த ஒரு சர்வர் மட்டும் வரவில்லை என்றால் முதலில் மாஸ்க்கைப் பார்க்கச் சொல்வேன்.

கேட்வேக்கு ஒரே ஒரு நிபந்தனை: அது உங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்க வேண்டும். முகவரி 192.168.1.20, கேட்வே 192.168.0.1 என்று போட்டால் கேட்வேயை அடைவதற்கே இன்னொரு கேட்வே தேவைப்படும். வேறு ஒருவர் போட்ட எண்களைப் பார்த்து அப்படியே எழுதுகிறவர்களுக்கு இந்தத் தப்பு அடிக்கடி நடக்கும், ஏனென்றால் சில ரவுட்டர்கள் 192.168.0.1 என்றும் சில 192.168.1.1 என்றும் வருகின்றன. உங்கள் ரவுட்டரின் எண்ணை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக: மாஸ்க்கை வைத்து உள்ளூரா வெளியூரா என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. உள்ளூர் என்றால் நேரே, வெளியூர் என்றால் கேட்வே.

## நான்காவது கட்டம்: டிஎன்எஸ்

பாக்கெட்டுக்கு எண் மட்டும்தான் தெரியும், மனிதர்களுக்குப் பெயர்தான் நினைவிருக்கும். ஆரம்ப காலத்தில் நெட்வொர்க்கில் இருந்த எல்லா கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன, அமெரிக்காவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழு அதைப் பராமரித்தது. எல்லாரும் அதை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை, பெயர்ப் பட்டியலைப் பலரிடம் பகிர்ந்து கொடுத்து, கேட்டால் தேடிச் சொல்கிற ஏற்பாடாக மாற்றியது. அந்தப் பழைய கோப்பின் வாரிசு, ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில், இன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கிறது.

செட்டிங்கில் டிஎன்எஸ் கட்டத்தில் போடுவது, பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் சர்வரின் முகவரி. பெரும்பாலும் ரவுட்டரே அந்த வேலையை ஏற்றுக்கொண்டு இணைய நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டுச் சொல்லும். 8.8.8.8 என்பது கூகுள் 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட டிஎன்எஸ் சர்வர், 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் 2018-இல் தொடங்கியது. இணைய நிறுவனத்தின் சர்வர் மந்தமாகவோ படுத்தோ இருந்தால் இவற்றைப் போடுவது நிச்சயமாக உதவும், பக்கம் திறக்க ஆரம்பிக்கும் அந்தத் தொடக்கத் தாமதம் குறையலாம். ஆனால் எண் தெரிந்த பிறகு படமோ வீடியோவோ வருகிற பாதையில் டிஎன்எஸ் சர்வர் இல்லவே இல்லை. 50 எம்பிபிஎஸ் திட்டம் டிஎன்எஸ் மாற்றியதும் 100 ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபீஸ்களில் இது நிஜமாகவே தொல்லை கொடுக்கிறது. டிஎன்எஸ்ஸுக்கு இரண்டு கட்டங்கள் இருப்பதைப் பார்த்து, முதலாவதில் ஆபீஸின் சொந்த சர்வரையும் இரண்டாவதில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று 8.8.8.8-ஐயும் போடுகிறார்கள். முதல் சர்வர் ஒரு கணம் பதில் சொல்லத் தாமதித்தால் கம்ப்யூட்டர் இரண்டாவதைக் கேட்கும், ஆபீஸுக்குள் மட்டும் உள்ள பெயர்கள் அதற்குத் தெரியாது, "அப்படி ஒன்றே இல்லை" என்று சொல்லிவிடும். கம்ப்யூட்டரும் அதை நம்பிவிடும். ஷேர் ஃபோல்டர் காலையில் திறக்கும், மதியம் திறக்காது. இரண்டு கட்டத்திலும் போடுகிற சர்வர்களுக்கு ஒரே விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

## நாம் ஒன்றும் நிரப்பாமலே எப்படி வேலை செய்கிறது?

டிஎச்சிபி மூலம். முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நான்கையும் கேட்டவுடன் கொடுக்கிற சேவை அது, வீடுகளில் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும். அடாப்டர் நெட்வொர்க்கில் சேர்ந்ததும் நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. கம்ப்யூட்டர், யாராவது முகவரி கொடுக்கிறீர்களா என்று பொதுவாகக் கேட்கும். ரவுட்டர், இதை எடுத்துக்கொள்கிறாயா என்று ஒரு எண்ணைக் காட்டும். சரி அதையே கொடு என்று கம்ப்யூட்டர் சொல்லும். கொடுத்தாயிற்று, இவ்வளவு நேரத்துக்கு உன்னுடையது என்று ரவுட்டர் முடிக்கும். அந்தக் கால அளவுக்கு லீஸ் என்று பெயர். பாதிக் காலம் ஆனதும் கம்ப்யூட்டர் தானாகவே புதுப்பிக்கக் கேட்கும்.

யாரும் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஒரு எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். இந்த எண்ணைக் கண்டால் வேறெதையும் நோண்ட வேண்டாம். கம்ப்யூட்டர் கேட்டது, ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். கேபிள், ஸ்விட்ச் (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் பெட்டி), ரவுட்டர் இந்த மூன்றில் ஒன்று. டிஎன்எஸ் மாற்றுவதால் இது சரியாகாது.

ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாவதற்கும் பாதி விளக்கம் இங்கே இருக்கிறது. இணைப்பு அறுந்து திரும்ப வருவதால் கம்ப்யூட்டர் டிஎச்சிபியிடம் மறுபடி கேட்கிறது, ரவுட்டரும் நேட் பட்டியலைப் புதிதாகத் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் செய்தால் போதுமென்றால் விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை, ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக, முதலில் ரிலீஸ் என்பதோடும் பிறகு ரென்யூ என்பதோடும் கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சாய்கோடு வர வேண்டும்.

## எப்போது கையால் போட வேண்டும்?

மற்றவர்கள் தேடி வருகிற சாதனத்துக்கு. பிரிண்டர், சிசிடிவி ரெக்கார்டர், ஃபைல் சர்வர் இவற்றின் எண் மாறக் கூடாது. சில ரவுட்டர்கள் கரண்ட் போய் வந்ததும் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும், காலையில் .50 ஆக இருந்த பிரிண்டர் மாலையில் .53 ஆகியிருக்கும், கம்ப்யூட்டர் இன்னும் .50-க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பில்லிங் கவுண்டரில் வரிசை நிற்கும்போது இது நடந்தால் என்ன பாடு என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

மாறாத எண்ணுக்கு இரண்டு வழிகள். ஒன்று, சாதனத்திலேயே கையால் போடுவது, இதுதான் ஸ்டாட்டிக் ஐபி. இதில் கவனிக்க வேண்டியது, ரவுட்டர் தானாகக் கொடுக்க வைத்திருக்கும் எண் வரிசைக்கு வெளியே ஓர் எண்ணை எடுக்க வேண்டும். ரவுட்டர் 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் நீங்கள் 50-ஐ எடுங்கள். உள்ளே ஒன்றை எடுத்தால் ரவுட்டர் அதையே வேறு யாருக்காவது கொடுத்துவிட வாய்ப்பு உண்டு, அப்புறம் இரண்டு சாதனங்களும் விட்டு விட்டு வேலை செய்யும். 255.255.255.0 மாஸ்க் உள்ள நெட்வொர்க்கில் கடைசி எண்ணாக 0-ஐயும் 255-ஐயும் எடுக்கக் கூடாது, முதலாவது நெட்வொர்க்கையே குறிக்கும், இரண்டாவது எல்லாரையும் ஒரே நேரத்தில் அழைக்க.

இரண்டாவது வழி, ரவுட்டரில் ரிசர்வேஷன் போடுவது: இந்த மேக் முகவரி கேட்டால் எப்போதும் இந்த எண்ணைக் கொடு என்று எழுதிவைப்பது. சாதனம் ஆட்டோமேட்டிக்கிலேயே இருக்கும். வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன், எல்லா எண்களும் ஒரே இடத்தில் கண்முன்னால் இருக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. புதிய போன்களும், அந்த வசதியை ஆன் செய்த விண்டோஸ் லேப்டாப்புகளும் வைஃபையில் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் தற்செயலான ஒன்றைக் காட்டும், பொது இடங்களில் உங்களைப் பின்தொடராமல் இருப்பதற்காக. நல்ல வசதிதான், ஆனால் அந்த எண் மாறினால் ரிசர்வேஷன் வேலை செய்யாது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிடலாம்.

சாதாரணமாக உலாவுகிற லேப்டாப்புக்கு இது எதுவும் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கே நல்லது.

## எங்கே போய் மாற்றுவது?

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அங்கே ஈதர்நெட் அல்லது வைஃபை. ஐபி அசைன்மென்ட் என்ற வரிக்குப் பக்கத்தில் எடிட் இருக்கும், அதில் மேனுவல். பழைய ஜன்னல்தான் பழக்கம் என்றால் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4 என்பதைத் திறக்கலாம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் நெட்வொர்க், இணைப்பைத் தேர்ந்தெடுத்து டீட்டெயில்ஸ், டிசிபி/ஐபி.

லினக்ஸ் டெஸ்க்டாப்புகளில் பெரும்பாலும் நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருள் இதைக் கவனிக்கிறது. அது செட்டிங்கை 'கனெக்ஷன்' என்ற பெயரில் சேமிக்கிறது, ஒரே வைஃபை அடாப்டருக்கு வீட்டுக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று என்று பல கனெக்ஷன்கள் இருக்கலாம். அருமையான ஏற்பாடு. ஆபீஸில் போட்ட ஸ்டாட்டிக் எண் வீட்டுக்குக் கூட வந்து தொல்லை செய்யாது. மாற்றியபின் கனெக்ஷனை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும், இல்லையென்றால் புதிய எண் நடப்புக்கு வராது.

ஐபி ஆறாம் பதிப்பு என்று பக்கத்தில் இன்னொரு பகுதி தெரியும். நான்காம் பதிப்பில் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது, 128 பிட் முகவரி உள்ள ஆறாம் பதிப்பு அதற்கான நீண்டகாலத் தீர்வு. அது பெரும்பாலும் தானே நிரப்பிக்கொள்ளும். 'அணைத்தால் வேகம் கூடும்' என்று படித்து அதை அணைக்க வேண்டாம்.

## எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க

பிங் என்ற கட்டளை ஒரு முகவரிக்குச் சிறு பாக்கெட் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும். மூன்று ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் உண்டு. வரிசை முக்கியம். முதலில் உங்கள் முகவரியைப் பாருங்கள், 169.254 என்றால் அங்கேயே நின்று கேபிளையும் ரவுட்டரையும் கவனியுங்கள். முகவரி சரி என்றால் கேட்வேக்குப் பிங், பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். கேட்வே பதில் சொன்னால் 8.8.8.8-க்குப் பிங், அங்கே பதில் இல்லையென்றால் வெளி லைன், இணைய நிறுவனத்தைக் கூப்பிட வேண்டிய நேரம். அதுவும் சரி என்றால் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குப் பிங் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் டிஎன்எஸ், அப்போதுதான் 8.8.8.8-ஐக் கட்டத்தில் போடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. சில சாதனங்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி பூட்டி வைக்கப்பட்டிருக்கும், ஆகவே ஒரே ஒரு இடத்தில் பதில் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கஸ்டமர் கேரில் பேசும்போது "நெட் வரலை" என்பதற்குப் பதில் "கேட்வே பிங் ஆகுது, 8.8.8.8 ஆகலை" என்று சொல்லிப் பாருங்கள். ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க, கேபிளைக் கழற்றி மாட்டுங்க என்ற கேள்விகளில் பாதி குறைந்து, லைனைப் பார்க்க ஆள் வருவது சீக்கிரம் நடக்கும்.

## மாற்றியதைத் திரும்பப் போடும்போது

எதையும் மாற்றுவதற்கு முன் இருக்கிற எண்களைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் பழைய ஜன்னலில் ஐபிக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் தனித்தனித் தேர்வுகள் இருக்கின்றன, அதனால் ஐபியை ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்பிவிட்டு டிஎன்எஸ்ஸை அப்படியே விட்டுவிடுவது சுலபமாக நடக்கும். வீட்டில் அது தெரியவே தெரியாது. லாட்ஜிலோ கல்லூரியிலோ வைஃபையில் சேரும்போதுதான் தெரியும்: அங்கே முதலில் ஒரு லாகின் பக்கம் வர வேண்டும், பல இடங்களில் அது அங்குள்ள டிஎன்எஸ் வழியாகத்தான் காட்டப்படுகிறது, உங்கள் லேப்டாப்போ வேறு சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும், பக்கம் வராது. அந்த மாதிரி இடத்தில் மற்றவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் கட்டத்தையும் ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் பக்கத்திலேயே உள்ள ப்ராக்ஸி (நமக்குப் பதிலாகத் தளங்களைக் கேட்டு வாங்கித் தரும் இடைநிலை சர்வர்) செட்டிங்கில் பழைய ஆபீஸ் முகவரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.